நாலு ஸ்லாட்டு

குடியிருப்பது ஹவுசிங் போர்டு.
பிழைப்பது ஃப்ளெக்ஸ் போர்டு.
ஞாயிற்றுக்கிழமைகளில் டெல்பினிடம் தோற்பது
கேரம் போர்டு.
இன்னொரு போர்டு வாங்க
மண்ணடிக்குப் போனேன்,
சீட்டெடுத்த எட்டாயிரத்தை
ஆதார் நகலுக்குள் மடித்துக்கொண்டு.

பழையது உப்பில் செத்தது.
கடையிலிருந்து கடல் முந்நூறு அடி.
கழற்றினால் செம்புக் கோடுகளெல்லாம் பச்சை,
கோயில் மணியின் உள்பக்கம் படியுமே, அந்தப் பச்சை.
"மதர்போர்டு போச்சுக்கா" என்றான் குபேந்திரன்,
சாவு வீட்டுக்கு வந்தவன்போல
செருப்பை வெளியே விட்டுவிட்டு.
தாய்ப்பலகை என்று ரசீதில் எழுதினான்.
எனக்குத் தாய் ஞாபகமெல்லாம் வரவில்லை.
ஆறு வருஷம் மற்றவர்கள் ஏறி நின்று வேலை பார்த்த
சாரப் பலகை, அவ்வளவுதான்.

ப்ராசஸர் பிழைத்திருந்தது.
ரேம் இரண்டும் பிழைத்திருந்தன.
அவற்றுக்குப் பொருந்தும் போர்டு இப்போது வருவதில்லையாம்.
செருப்பு இருக்கிறது,
அதற்குக் கால் தேடி
மூன்று தெரு நடந்தேன்.

இம்தியாஸ் பாய் இரண்டு பெட்டி வைத்தார்.
ரெண்டு ஸ்லாட்டு, ஆறாயிரத்து எண்ணூறு.
நாலு ஸ்லாட்டு, ஒன்பதரை.
என்னிடம் இருப்பதே இரண்டு ரேம்.
மிச்சம் இரண்டும் சும்மா கிடக்கும்.
எங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் இடமென்று
எதுவும் இருந்ததில்லை,
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில்கூட
பாய் சுருண்டு நிற்கிறது.
வெறும் காலி இடத்துக்கு
இரண்டாயிரத்து எழுநூறா என்று
வாய் கேட்டது.
கண் நாலு ஸ்லாட்டிலேயே இருந்தது.

பாய் அதைப் பார்த்துவிட்டார்.
மேல் தட்டிலிருந்து சீல் இல்லாத பெட்டி இறங்கியது.
"இதுவும் நாலுதான். அஞ்சாயிரம்.
சாக்கெட்டுல ஒரு பின்னு வளைஞ்சிருக்கு.
வாரண்டி கேக்கக் கூடாது.
கை நடுங்காத ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

இருக்கிறாள்.
மாவட்ட அளவில் இரண்டு முறை ரன்னர்,
காசிமேட்டில் ஐஸ் கம்பெனி ஷிஃப்ட்.

ராத்திரி பத்தரைக்கு வந்தாள்.
விரலிடுக்கில் கேரம் பவுடர் இல்லாதபடி
சோப்பு போட்டுக் கழுவினாள்.
ஃபேனை நிறுத்தச் சொன்னாள்.
செல்போன் வெளிச்சத்தில்
ஆயிரத்துச் சொச்சம் தங்க முட்கள்
ஒரே பக்கம் பார்த்து நின்றன,
ஒன்று மட்டும்
பக்கத்தில் இருப்பவன் காதில்
எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

ஊசியைக் கிட்டே கொண்டு போனவள் நிறுத்தினாள்.
கொருக்குப்பேட்டை கூட்ஸ் வண்டி.
சுவர் அதிர்ந்தது, டம்ளர் அதிர்ந்தது,
கடைசிப் பெட்டி போகும்வரை
ஊசி அந்தரத்திலேயே இருந்தது.
பிறகு ஒரு தொடல்.
ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதற்கு முன்
ஒரு மூச்சை விழுங்குவாளே, அது.

திரை எரிந்தது.
குபேந்திரன் கைதட்டினான்,
தட்டிய கையோடு குனிந்தான்.
"பதினாறு காட்டணும்க்கா. எட்டு காட்டுது."
மாற்றி மாற்றிச் செருகினான்.
இந்தப் பக்கம் இரண்டு ஸ்லாட்டு பேசின.
அந்தப் பக்கம் இரண்டும் ஊமை.
பேசுகிற பக்கமே ரேம் இரண்டையும் செருகினான்.
பதினாறு வந்தது.

டெல்பின் ஊசியை
நைட்டிக் கழுத்தில் குத்திக்கொண்டாள்.
"ரெட்டு போட்டேன்.
ஃபாலோ விழல."

ஆக, நாலு ஸ்லாட்டு விலையிலும் இல்லை,
ரெண்டு ஸ்லாட்டு விலையிலும் இல்லை.
ஆயிரத்து எண்ணூறு லாபம் என்கிறான் குபேந்திரன்.
நான் கணக்குப் போடவில்லை.
ஊமை ஸ்லாட்டுகளில் டேப் ஒட்ட வந்தவனை
வேண்டாமென்று தடுத்தேன்,
ஏனென்று கேட்டால் தெரியாது.

காலையில் முதல் வேலை,
காதணி விழா பேனர், இருபதுக்குப் பத்து.
முப்பத்தெட்டு உறவுகளின் முகம்,
ஆளுக்கொரு வட்டம்.
ஆர்டர் கொடுத்தவர் வாசல் வரை போய்த்
திரும்பி வந்து சொன்னார்:
"மாமனுங்க வரிசையில
ரெண்டு வட்டம் காலியா வுடும்மா.
பேச்சுவார்த்தை போய்க்கினு கீது."